காத்து வாங்கப் போற மருமகனுக்கு

ஏல மருமகனே, ஒருவழியா பிரைட்டன் பாக்கக் கிளம்பிட்டே. லண்டன்ல வீடு வாங்கி, கார் வாங்கி, அதுக்கெல்லாம் கடனும் வாங்கி முடிச்சப்புறம் இப்பதான் உனக்குக் காத்து வாங்கணும்னு தோணியிருக்கு. விக்டோரியாவுல ரயில் ஏறுனா ஒரு மணி நேரம். அதுக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு. சரி, போகட்டும். உங்கம்மாவையும் கூட்டிட்டு வாறே, பிள்ளைகளும் வருது, "என்னென்ன பாக்கணும், சொல்லுங்க மாமா"ன்னு கேட்டே. நான் பக்கத்துல ஹோவ்ல மக வீட்டுலதான் கெடக்கேன். சர்க்கரை குறையணும்னு தினம் சாயங்காலம் என்னைக் கடக்கரையில அவுத்து விட்டுடுதாக. பெஞ்சுல உக்காந்து போறவன் வாறவனைப் பாக்கதைத் தவிர வேற சோலி கிடையாது. பாத்ததைச் சொல்லுதேன், கேட்டுக்கோ.

பிள்ளைகளுக்கு வாளியும் கரண்டியும் வாங்கி வச்சிருப்பே. மறக்காம எடுத்துட்டு வா, மணல்ல கோட்டை கட்டலாம். மணலு மட்டும்தான் கிடையாது. ரோட்டுலேர்ந்து தண்ணி வரைக்கும் அம்புட்டும் கூழாங்கல்லு. கடல் நல்லா உள்வாங்குனா அடியில ஒரு கீத்து மணல் எட்டிப் பாக்கும். கோட்டைக்கு அஸ்திவாரம் போடுததுக்குள்ள தண்ணி திரும்பி வந்துரும். நீ வந்த உடனே செருப்பைக் கழட்டிரு. சினிமாவுல கடலைக் கண்டதும் ரெண்டு கையையும் விரிச்சுட்டு ஓடுவாம்லா, அப்படி ஓடு. உன் பொண்டாட்டி வீடியோ எடுக்கட்டும். நாலாவது எட்டுல நீ போடுத ஆட்டத்தை நம்ம ஊரு சுடலைமாடன் கொடையில கூட ஒருத்தனும் ஆடியிருக்க மாட்டான்.

கல்லு வழவழன்னு அழகா இருக்குன்னு பிள்ளைக நாலு பொறுக்கிப் பையில போடும். போட விடாத. கரையிலேர்ந்து கல்லெடுக்கக் கூடாதுன்னு 1949-லேயே சட்டம் போட்டுட்டாக. கேக்க வேடிக்கையாத்தான் இருக்கும். ஆனா அலை ஊரைத் தின்னுறாமக் காக்குதது அந்தக் கல்லுக் குவியல்தான். அலை வாற வேகத்தையெல்லாம் கல்லுக்கு நடுவுல இருக்குத சந்து குடிச்சுரும். கல்லும் சும்மா கெடக்காது, கிழக்க பாத்து நகந்துட்டே இருக்கும். அதை மறிச்சு நிப்பாட்டத்தான் கரையிலேர்ந்து கடலுக்குள்ள குறுக்குச் சுவரு வச்சிருக்கான். நம்ம ஆத்து மணலுக்கும்தான் சட்டம் இருந்துச்சேன்னு நீ நினைக்கது எனக்குத் தெரியுது. பேச்சை மாத்தாத.

தண்ணிக்குள்ள இறங்கணும்னு ஆசை இருந்தா இறங்கு. ஆகஸ்ட் மாசம், கடல் நல்லாச் சூடேறுன நேரம்னு சொல்லுவாக, 17, 18 டிகிரி இருக்கும். உன் ஆபீஸ் ஏ.சி.யை எவனாவது அதுல வச்சா நீ சண்டைக்குப் போவே. வெள்ளைக்காரப் பிள்ளைக அதுக்குள்ள கெடந்து புரளும். நீ முழங்கால் வரைக்கும் இறங்கி, "ஆகா, என்ன சுகம்"னு பல்லு கிட்டிக்கிட்டே சொல்லிட்டு ஏறிரு.

அந்தச் சுகத்தை விக்கதுதான் இந்த ஊருக்கு 270 வருஷமாத் தொழில். முன்னால இது மீன்பிடிக் கிராமம். பக்கத்து ஊரு லூவிஸ்ல ரிச்சர்ட் ரஸ்ஸல்னு ஒரு டாக்டர் இருந்தாரு. 1750-ல லத்தீன்ல ஒரு புத்தகம் போட்டாரு. கழுத்துக் கழலைக்கும் கட்டிக்கும் கடல் தண்ணியில குளி, அதையே குடி. இம்புட்டுதான் வைத்தியம். குடிச்சா என்ன ஆகும்? வயித்தால போகும். போனா நோவும் சேந்து போச்சுன்னு அர்த்தம். பெரிய மனுசனெல்லாம் வண்டி கட்டிட்டு வந்து, காசு கொடுத்து, மூக்கைப் பிடிச்சுட்டு உப்புத் தண்ணி குடிச்சான். வீட்டு வாசல்ல சும்மா கெடந்த கடலுக்கு ஒரு விலை வச்சாரு பாரு, ஊரைக் கட்டுனது அந்த மூளைதான். அது வரைக்கும் கடல்லேர்ந்து மீனு கிடைச்சுது, அதுக்கப்புறம் சீமான்கள் கிடைச்சாக.

குளிக்கதுக்கும் ஒரு முறை வச்சிருந்தாக. சக்கரம் வச்ச மரக் கூண்டு ஒண்ணு. உள்ளேயே உடுப்பு மாத்திக்கிடணும், குதிரை அந்தக் கூண்டைக் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போகும். படியில காலை வச்சா, இடுப்பளவு தண்ணியில ஒரு பொம்பளை நிப்பா. அவ சீமாட்டியைக் கொத்தாப் பிடிச்சு முக்கி எடுப்பா. மூச்சு விட நேரம் கொடுக்கதும் கொடுக்காததும் அவ பிரியம். அதுல பேர் போனவ மார்த்தா கன். 1726-ல பிறந்து 1815-ல செத்தா. தள்ளாத வயசு வரைக்கும் முக்கிட்டுதான் இருந்தா. பின்னால நாலாம் ஜார்ஜ் ராஜா ஆன பட்டத்து இளவரசனுக்கு ரொம்ப வேண்டியவ, அரண்மனை அடுப்படி வரைக்கும் போக வர இருக்கலாம். ஒரு கதை சொல்லுவாக. ஒரு தடவை அங்கேர்ந்து ஒரு வெண்ணெய்க் கட்டியை உடுப்புக்குள்ள ஒளிச்சுக்கிட்டாளாம். இளவரசன் பாத்துட்டான். ஒரு வார்த்தை கேக்கல. சிரிச்சுப் பேசிட்டே அவளைக் கொஞ்சம் கொஞ்சமா அடுப்புப் பக்கம் ஒதுக்கிட்டே போனானாம், வெண்ணெய் உருகிப் பாவாடை வழியா ஒழுகுத வரைக்கும். கதை நெசமோ பொய்யோ, அவன் செஞ்ச உருப்படியான நிர்வாகம் அது ஒண்ணுதான்னு நான் நினைக்கேன்.

இந்த வியாபாரத்துல நம்ம தேசத்து ஆளு ஒருத்தரும் பூந்து விளையாடியிருக்காரு. ஷேக் தீன் முகமது, பாட்னாக்காரரு, 1759-ல பிறந்தவரு. கம்பெனிப் பட்டாளத்துல இருந்து, அயர்லாந்துக்குப் போயி, அங்க ஒரு பொண்ணைக் கட்டி, 1794-ல இங்கிலீஷ்லேயே புத்தகமும் எழுதினாரு. 1810-ல லண்டன்ல இந்தியச் சாப்பாட்டுக் கடை போட்டு நொடிச்சுப் போனாரு. அப்புறம் இங்க வந்து கடலோரத்துல ஆவிக் குளியல் மண்டபம் வச்சாரு. எண்ணெய் தேச்சு, உடம்பைப் பிடிச்சு விடுதது. நம்ம ஊருல பாட்டி ஓசியில செஞ்ச வேலை. கால் சரியாப் போச்சுன்னு நோயாளிக விட்டுட்டுப் போன ஊன்றுகோலையெல்லாம் வாற ஆளு கண்ணுல படுதாப்புல தொங்க விட்டாரு. விளம்பரம்னா அது விளம்பரம். வைத்தியம் படிச்சதுக்கு வருஷக் கணக்கு இடிக்குதுன்னு தன் வயசுல பத்தைக் கூட்டியும் சொல்லிக்கிட்டாரு. நாலாம் ஜார்ஜ், நாலாம் வில்லியம்னு ரெண்டு ராஜாக்களுக்கு ஆஸ்தான வைத்தியரு ஆயிட்டாருல்லா! 1851-ல செத்து, செயின்ட் நிக்கலஸ் சர்ச் தோட்டத்துல கெடக்காரு. மார்த்தாவும் அங்கனதான். ஒரு எட்டுப் போயிட்டு வா. டிக்கெட் கிடையாது, உனக்குப் பிடிச்ச விலை.

கடலுக்குள்ள நீட்டிக் கட்டுன பாலம் ரெண்டு. பேலஸ் பியர் 1899-ல தொறந்தது, அரைக் கிலோமீட்டர் நீளம். மேல ராட்டினமும், காசு போட்டுத் தோக்குத மிஷினும். 2024-ல வெளியூர்க்காரன் கால் வைக்கவே காசு வச்சாக. உள்ளூர்க்காரனுக்கு ஓசி, அதனால நான் போறேன். இன்னொண்ணு 1866-ல கட்டுனது, 1975-ல மூடுனாக, 2003-ல தீயும் பிடிச்சுது. இப்ப தண்ணிக்குள்ள வெறும் இரும்புச் சட்டம். எல்லாரும் போட்டோ எடுக்கது அதைத்தான். அதுக்கு நேர் எதுக்க 162 மீட்டர் உசரத்துல ஒரு கம்பம், அதுல கண்ணாடிக் கூண்டு ஏறி இறங்கும்படி 2016-ல வச்சாக. கூண்டு ஏறுனதை விட நகரசபைக்கு வரவேண்டிய கடன் வேகமா ஏறுச்சு. 2024 கடைசியில திவால்னு பூட்டி, அப்புறம் வேற கைக்கு மாறிட்டு. மேல ஏறிப் பாத்தா கடல் தெரியும். கீழ நின்னு பாத்தாலும் தெரியும்.

பிள்ளைகளை வோல்க் ரயில்ல ஏத்து. 1883-லேர்ந்து கரையோரமா கரன்டுல ஓடுது; உலகத்துல இன்னும் ஓடிட்டு இருக்குத மின்சார ரயில்ல இதுதான் மூத்தது. ஆனா கிழக்க மெரினா பக்கம் இறங்கி நடக்கும்போது கண்ணு கவனம். 1980 ஏப்ரல் 1-ந் தேதி, முட்டாள் தினந்தான், ஆனா விளையாட்டில்ல, நகரசபையே பாத்து, உடுப்பில்லாமக் குளிக்கவங்களுக்குன்னு ஒரு கரையை ஒதுக்கிக் கொடுத்துட்டு. போர்டும் வச்சிருக்காக. உங்கம்மாவைக் காத்தாட அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிராத. உங்களுக்கு எப்படித் தெரியும் மாமான்னு கேக்காத. போர்டு இங்கிலீஷ்ல இருந்துச்சு, எழுத்துக் கூட்டி வாசிச்சு முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிட்டு.

ஹோவ் பக்கம் வந்தா கலர் கலரா மரப்பெட்டி வரிசையா நிக்கும். பொட்டிக்கடை அளவுதான். கரன்டு கிடையாது, தண்ணி கிடையாது, ராத்திரி தங்கவும் கூடாது. விலை இருபதாயிரம் பவுண்டுக்கு மேல. அதுவும் இந்த ஊர்க்காரனுக்கு மட்டும்தான் கிடைக்கும். அதை வாங்கி, உள்ள ரெண்டு நாற்காலி போட்டு, மழைக்குள்ள டீயைக் குடிச்சிட்டு கடலைப் பாத்துட்டே இருப்பாக, புருசனும் பொண்டாட்டியும், ஒரு வார்த்தை பேசாம. ரூபாயா மாத்திக் கணக்குப் போட்டுப் பாத்தேன். அன்னைக்கு சர்க்கரை கூடிட்டு.

சாப்பாட்டுக்கு உன் பொண்டாட்டி புளியோதரை கட்டிட்டு வருவா. நல்ல காரியம். மூடியைத் தொறக்குமுன்ன மேல ஒரு தடவை பாரு, பின்னாலயும் பாரு. இங்க உள்ள கடல்காக்கா இறக்கையை விரிச்சா நாலடிக்கு மேல. முன்னால வந்து கேக்காது, முதுகுப் பக்கமா வந்து கையில இருக்கிறதை வாங்கிட்டுப் போயிரும். கண்ணைப் பாத்து முறைச்சா கிட்ட வரத் தயங்குதுன்னு எக்ஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரங்க 2019-ல சோதிச்சே பாத்துட்டாக. ஆகவே நீ ஒரு கவளம் தின்னு, ஒரு தடவை முறை. உன் வீட்டுக்காரி யாரை முறைக்கேன்னு கேட்டா என்னைச் சொல்லாத. கல்லெறியலாம்னு மட்டும் நினைக்காத. அதுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு, உனக்கு அந்த அளவுக்கு இருக்கான்னு எனக்குச் சந்தேகம்.

மீனும் சிப்ஸும் வாங்கணும்னு பிள்ளைக கேக்கும். வாங்கிக் கொடு. மாவுல முக்கிப் பொரிச்ச காட் மீனு, முள்ளு இருக்காது, உறைப்பும் இருக்காது, வினிகரைத் தெளிச்சுத் தருவான். எதுக்க கடலு, கையில மீனு, இப்பதான் பிடிச்சதுன்னு நினைச்சுத் தின்னு. இந்த நாட்டுல திங்கிற காட் பெரும்பாலும் ஐஸ்லாந்து, நார்வே பக்கத்துக் கடல்லேர்ந்து ஐஸ்ல வாறது. மீனும் டூரிஸ்டுதான்.

இனி ஊருக்குள்ள வா. ராயல் பவிலியனைப் பாத்ததும் உங்கம்மா, "இது என்ன அண்ணாச்சி, பள்ளிவாசலா?"ன்னு கேப்பா. அரண்மனை. அந்த வெண்ணெய் இளவரசன் 1783-ல முதல்ல இங்கன வந்தான். அப்பன் ஒரு பக்கம், கடன்காரன் ஒரு பக்கம், 1785-ல ரகசியமாக் கட்டுன பொண்டாட்டியை வெளிய சொல்ல முடியாத பாடு ஒரு பக்கம். ஒரு பண்ணை வீட்டை வாடகைக்குப் பிடிச்சு, அதை இழுத்து இழுத்துப் பெருசாக்கி, கடைசியில 1815-லேர்ந்து ஜான் நாஷ்ங்கிற ஆளை விட்டு குவிமாடமும் மினாருமா எழுப்பிட்டான். வெளிய இந்தியா, உள்ள சீனா. இளவரசன் ரெண்டு தேசத்தையும் கண்டதில்ல, நாஷும் கண்டதில்ல. பின்ன எப்படி? டேனியல் குடும்பத்து ஓவியருங்க ரெண்டு பேரு, தாமஸ், வில்லியம்னு, நம்ம நாட்டைச் சுத்திச் சுத்தி வரைஞ்சு புத்தகமாப் போட்டிருந்தாக. 1792 வாக்குல தெக்கயும் வந்தவுக. திருநெல்வேலிச் சீமை, பாவநாசம் அருவின்னு நம்ம அருவி கூட அந்தப் புத்தகத்துல இருக்குல்லா. அதைப் புரட்டித்தான் நாஷ் இந்தியாவைப் பிடிச்சாரு. அருவியைக் கட்ட முடியல, குவிமாடத்தோட விட்டுட்டாரு.

உள்ள போனா விருந்து மண்டபக் கூரையில டிராகன் ஒண்ணு, ஒரு டன் எடை விளக்கைப் பிடிச்சுத் தொங்கும். எல்லாரும் வாயைப் பிளந்துட்டு அங்கனயே நிப்பான். நீ அடுப்படியைப் பாரு. கூரையைத் தாங்குத இரும்புத் தூணு உச்சியில செம்புல ஓலை செஞ்சு மாட்டியிருக்கான். குளிருத நாட்டுல, சமையக்காரன் மரத்தடியில நின்னு சமைக்கட்டும்னு நினைப்பு. விக்டோரியா ராணிக்கு இந்த வீடு ஆகல. எட்டிப் பாக்க ஜனங்க தொல்லை வேற. 1850-ல ஊருக்கே வித்துட்டா. அந்த வருஷத்தை மனசுல வச்சுக்கோ.

1914-ல பெரிய சண்டை வந்துட்டு. பிரான்ஸ்ல அடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டாந்து, இந்த அரண்மனையையும் பக்கத்துல இருந்த பழைய குதிரை லாயத்து மண்டபத்தையும் ஆஸ்பத்திரி ஆக்குனாக. பொன்முலாம் கூரைக்குக் கீழ வரிசையாக் கட்டிலு. ராஜா தன் அரண்மனையையே உங்களுக்கு ஒழிச்சுக் கொடுத்துட்டாருன்னு சிப்பாய்களுக்குச் சொல்லியாச்சு. அவுகளும் நம்பி ஊருக்குக் கடுதாசி போட்டாக. அரண்மனையை வித்து 64 வருஷம் ஆகுது, கட்டடம் முனிசிபாலிட்டிக்குச் சொந்தம். படம் பிடிச்சு, கார்டு அச்சடிச்சு, பாரு எப்படிக் கவனிக்கோம்னு ஊர் பூரா அனுப்புனாக. உப்புத் தண்ணியை மருந்துன்னு வித்த ஊருக்கு இதெல்லாம் கைவந்த வேலை.

நம்மாளு மட்டும் லேசுப்பட்டவனா? சிப்பாய்களுக்குன்னு அங்க ஒன்பது அடுப்படி வைக்க வேண்டியதாப் போச்சு. அவன் தொட்டதை இவன் திங்க மாட்டான், இவன் அறுத்ததை அவன் திங்க மாட்டான். இந்துவுக்கு ஒரு தண்ணிக் குழாயி, முஸ்லிமுக்கு ஒரு குழாயி. ஒரே பதுங்குகுழிச் சேத்துல ஒரே பீரங்கியில அடி வாங்கிட்டு வந்தவுக, கஞ்சி மட்டும் தனித்தனி. வெள்ளைக்காரனும் முகம் சுளிக்காமச் செஞ்சு கொடுத்தான். சிப்பாயி முணுமுணுத்தா இந்தியாவுல என்ன கெளம்புமோன்னு அவனுக்குப் பயம். இதையெல்லாம் உள்ள படம் போட்டு வச்சிருக்காக. நீ அங்க நின்னுட்டு, "அந்தக் காலத்துல எப்படி இருந்திருக்காங்க பாத்தியா"ன்னு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவே. நல்லா நடத்து. நம்ம ஏரியாவுல தமிழ்ச் சங்கம் எத்தனை இருக்குப்பான்னு மூத்தவன் திருப்பிக் கேட்டா, பதிலை மட்டும் முன்கூட்டியே யோசிச்சு வச்சுக்கோ.

அங்க செத்துப்போன முஸ்லிம் சிப்பாய்களை வோக்கிங் மசூதிப் பக்கம் கொண்டுபோயி அடக்கம் பண்ணுனாக. இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை ஊருக்கு வடக்க, பாச்சம் மேட்டுல எரிச்சு, சாம்பலைக் கடல்ல கரைச்சாக. எரிச்ச இடத்துல வெள்ளைச் சலவைக்கல்லுல எட்டுத் தூணு வச்ச மண்டபம், மேல குடை. சத்ரின்னு பேரு. பம்பாய்க்கார இளைஞரு ஹென்ரிக்ஸ் வரைஞ்சு கொடுத்தது. 1921 பிப்ரவரி 1-ல தொறந்தாக. 53 பேரோட பேரையும் 2010-லதான் பக்கத்துக் கல்லுல வெட்டுனாக. சத்ரி வரைக்கும் வண்டி போகாது. ஆடு மேயுத புல்வெளி, வேலிக் கதவு எல்லாம் தாண்டி ஏத்தத்துல நடக்கணும். நம்ம ஜனங்க அந்தப் பக்கம் அதிகமா எட்டிப் பாக்காததுக்கு அதுதான் காரணம். பார்க்கிங் இல்லாத இடத்துல நமக்குத் தேசபக்தி வராது. மழை பெஞ்சா சேறு, அதனால நல்ல ஷூ போட்டுட்டுப் போ. பேரை ஒவ்வொண்ணா மூத்தவனை வாசிக்கச் சொல்லு. பக்கத்துல ஐஸ்கிரீம் வண்டிகூட நிக்காது, அங்க உனக்கு எதையும் விக்க ஆளில்ல.

உங்கம்மா முழங்காலுக்கு அந்த ஏத்தம் ஆகாது. அவளைக் கடக்கரையில ஒரு துணி நாற்காலியில உக்கார வச்சுட்டு என்கிட்ட விட்டுட்டுப் போ. தெக்குவயல் பாகப் பிரிவினையில அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பேசுததுக்குப் பாக்கி இருக்கு. நீங்க திரும்பி வரும்போது நாங்க பேசாம இருந்தா, நல்லபடியாப் பேசியாச்சுன்னு எடுத்துக்கோ.

கார்ல வாறேன்னு கிளம்பாத. நிறுத்த இடம் தேடியே ஊரைச் சுத்திப் பாத்து முடிச்சுருவே. ரயில்ல வா. ஞாயித்துக்கிழமைன்னா முந்தின நாளே விசாரிச்சுக்கோ, தண்டவாள வேலைன்னு பாதி வழியில இறக்கி பஸ்ல ஏத்துவான். குடை வேண்டாம், காத்துல அது உனக்கு முன்னால பிரான்ஸ் போயிரும். தொப்பி வச்ச மழைக்கோட்டு எடுத்துக்கோ. ஸ்டேஷன் வாசல்ல இறங்குனா குயின்ஸ் ரோடு நேர கடலைப் பாத்து இறங்கும், கால் தன்னால போகும், உங்கம்மாகூட "எம்புட்டுப் பக்கம்"னு சந்தோசப்படுவா. சாயங்காலம் அதே ரோடு ஏத்தம். டாக்ஸிக்குன்னு ஒரு இருபது பவுண்டைத் தனியா முடிஞ்சு, உன் பொண்டாட்டிகிட்ட கொடுத்து வை. உன் கையில இருந்தா ராட்டினத்துல போயிரும்.